காப்பி மணக்காத காப்பிச் சோப்பு

எண்ணெயும் காரமும் கூடிப் பிறப்பது சோப்பு. இலங்கைத் தமிழர் இன்றும் வழங்கும் சவர்க்காரம் என்ற சொல்லிலேயே காரம் இருக்கிறது. சோப்பாதல் எனப்படும் இவ்வினையில், எண்ணெயிலுள்ள கொழுப்பைக் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, உடைத்துச் சோப்பாகவும் ஈரம் காக்கும் கிளிசரினாகவும் மாற்றுகிறது. காரத்தைக் கரைக்கும் நீருக்கு ஈடாக டிகாஷனும், தேய்ப்புக்காக டிகாஷன் வடித்தபின் எஞ்சும் மண்டியும் சேர்ந்தால் அது காப்பிச் சோப்பு.

இச்சோப்புக்கு வேண்டிய காப்பி, தமிழ்நாட்டில் கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள ஏற்காட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் எண்ணெய்க்கான நிலக்கடலை விளைகிறது. ஆகவே இவ்வட்டாரத்து வீடுகளுக்கு மூலப்பொருள் தொலைவில் இல்லை.

ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக ஏறத்தாழ 0.183 கிராம் காரமும், கடலை எண்ணெய்க்கு 0.136 கிராமும் வேண்டும். 300 கிராம் தேங்காய் எண்ணெயும் 200 கிராம் கடலை எண்ணெயும் சேர்ந்தால் கணக்கு 82 கிராம் ஆகும்; காரம் மிஞ்சித் தோலை அரிக்காதிருக்க, அதில் 5 விழுக்காட்டைக் குறைத்து 78 கிராம் மட்டுமே சேர்ப்பது வழக்கம்.

சிக்கரியோ பாலோ சர்க்கரையோ கலவாத 180 கிராம் டிகாஷனை நன்கு குளிரவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அதில் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது காரத்தின்மேல் டிகாஷனை ஊற்றினால், கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமோ காரத்தில் அரிபட்டு ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். டிகாஷனில் காரம் கரையும்போது எழும் நெடி காப்பி மணமன்று. நறுமணப் பொருள்களைக் காரம் சிதைத்துவிடுவதால் இச்சோப்பில் தங்குவது பழுப்பு நிறமே. கரைசல் ஆறி வெதுவெதுப்பானதும் எண்ணெயில் ஊற்றிக் கலக்க, கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு மேற்பரப்பில் மறையாமல் நிற்கும் பதம் வரும். காயவைத்து நைசாக்கிய மண்டி ஒரு கரண்டி சேர்த்து அச்சில் ஊற்றி, இரண்டு நாள் கழித்து வில்லைகளாக நறுக்கி, காற்றாட நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும்.

தேய்த்த நொடியில் கழுவப்படும் சோப்பின் கஃபீன் தோலை இளமையாக்கும் என்பது நம்பத்தக்கதன்று. கையிலுள்ள மண்ணையும் பிசுக்கையும் மண்டி தேய்த்தகற்றுவது மட்டும் உறுதி. இதைச் செய்ய முனைவோர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகளை விலக்கிவைத்து, காரத்தைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும்.