"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்": ஒரு நிமிடத்தின் பெறுமதி

கடந்த மாதம் வெள்ளவத்தையிலுள்ள எமது ஜவுளிக் கடையின் களஞ்சியத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐந்து இளைஞர்களை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தேன். ஐவரிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

"தம்பி, உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க."

முதலாமவர் தனது பெயர், தந்தையின் பெயர், பூர்வீக ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்லி நிறுத்திவிட்டார். இரண்டாமவர் என் மேசையிலிருந்த சுயவிபரக் கோவையை அப்படியே ஒப்புவித்தார். மூன்றாமவர், "எந்த வேலை தந்தாலும் செய்வேன் சேர்" என்றார். நான்காமவர் எனது நண்பர் ஒருவரின் மருமகன். "மாமாதான் அனுப்பினார்" என்பதற்கு மேல் அவரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஐந்தாமவர் கொட்டாஞ்சேனைப் பையன். புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 101 ஆம் இலக்க பஸ்ஸில் நேரத்துக்கே வந்து சேர்ந்திருந்தார். பேச்சில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்:

"புறக்கோட்டையில ஒரு மொத்தக் கடையில ரெண்டு வருஷம் ஸ்டோர்ஸ்ல நின்டேன் சேர். வாற சாமான பில்லோட ஒப்பிட்டுப் பார்க்கிறது என்ட வேலை. குறைஞ்சா அன்டைக்கே எழுதி முதலாளிக்கிட்ட குடுப்பேன். சிங்களம் நல்லாப் பேசுவேன், எழுதுறது கொஞ்சம் கஷ்டம். துணி வேலை புதுசு. மீட்டர் கணக்கைப் பழகணும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்ன செய்தார், எதில் கெட்டிக்காரர், எதில் குறை, இங்கே எதைப் பழக வேண்டும் என்ற நான்கும் எனக்குத் தெரிந்துவிட்டன.

பஸ்ஸில் வந்த ஞாபகம்

அவர் பேசும்போது எனக்கு என் பழைய கதை நினைவுக்கு வந்தது. நானும் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன்தான். படிப்பு முடிந்த கையோடு கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதி எழுதுவினைஞர் வேலைக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஆங்கிலத்தில் இதே கேள்வியைக் கேட்டார். நான் வாப்பாவின் பெயரில் தொடங்கி, பாடசாலை, விளையாட்டு, பொழுதுபோக்கு என்று மனப்பாடம் செய்ததைச் சொல்லி முடித்தேன். அவர் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. பதினான்கு வயதிலிருந்து வாப்பாவின் கடைக் கடன் கொப்பியை எழுதி வந்தவன் நான். யார் எவ்வளவு தரவேண்டும், யார் தவணை தவறுகிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கணக்கு வேலைக்குப் போன இடத்தில் அதைச் சொல்லவில்லை! கிரிக்கெட் விளையாடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் சொல்வதே நிற்கும்

1946 ஆம் ஆண்டு சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு மனிதரைப் பற்றி புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறைகாண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்ற ஆறு சொற்களை ஒரு குழுவினருக்கு வாசித்துக் காட்டினார். இன்னொரு குழுவினருக்கு அதே சொற்களைத் தலைகீழாக வாசித்தார். நல்லதை முதலில் கேட்டவர்களுக்கு அந்த மனிதரைப் பற்றி மேலான அபிப்பிராயம் உண்டானது. சொற்கள் அவையேதான், வரிசை மட்டுமே மாறியது.

இன்னோர் உதாரணம். சுமார் 1482 இல் லியனார்டோ டா வின்சி மிலான் நகர ஆட்சியாளரிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். உலகம் அவரை ஓவியராகவே அறியும். ஆனால் கடிதத்தில் எடுத்துச்செல்லக்கூடிய பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்றே அடுக்கினார். ஓவியம் கடைசியில்தான் வருகிறது. போர்க் காலத்தில் ஓர் ஆட்சியாளருக்கு எது தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். சரக்கைப் பார்த்துப் பேசாமல் வாங்குபவரைப் பார்த்துப் பேசுவது வியாபாரிகளான எமக்குப் புதிய பாடமா என்ன?

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

1. பெயரைச் சொன்னதும் இப்போது செய்யும் வேலைக்கோ இறுதியாகச் செய்த வேலைக்கோ வந்துவிட வேண்டும். குடும்ப விபரம் கேட்டால் மட்டும் போதும்.

2. "நேர்மையானவன், கடின உழைப்பாளி" என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, செய்த ஒரு காரியத்தைச் சொல்லட்டும். வேலை அனுபவம் இல்லாதவர் வாப்பாவின் கடையில் நின்றதைச் சொல்லலாம். என்.வி.கியூ. சான்றிதழ் இருந்தால் எந்தத் துறை, ஏழு மட்டங்களில் எந்த மட்டம் என்று தெளிவாகச் சொல்லலாம்.

3. போகும் இடத்தை முன்கூட்டியே ஒரு தடவை பார்த்து வருவது நல்லது. என்ன விற்கிறார்கள், வாடிக்கையாளர் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

4. மொழித் திறமையை உள்ளபடி சொல்ல வேண்டும். கொழும்பில் மூன்று மொழியும் தேவைதான். ஆனால் இல்லாத ஆங்கிலத்தை இருப்பதாகச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

5. பழைய முதலாளியைக் குறை சொல்லவே கூடாது. நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்றே கேட்பவர் நினைப்பார்.

6. ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம். வீட்டில் கடிகாரத்தை வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை

குறை பிள்ளைகளிடம் மட்டுமில்லை, எமது கேள்வியிலும் இருக்கிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் கூச்ச சுபாவமுள்ளவர் தடுமாறத்தான் செய்வார். "போன வேலையில் காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்கும். ஒரு பில்லையும் கொஞ்சம் சாமானையும் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள், கையும் தெரியும்.

அடுத்தது, நாமும் எம்மை அறிமுகப்படுத்த வேண்டும். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வேலை முடியும், விடுமுறை எப்போது என்று நாம் சொல்கிறோமா? ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், எமது பங்கு 12 சதவீதம், அத்துடன் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் என்பதைக் கேட்காமலே சொல்லும் கடைகள் எத்தனை? 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றார்கள். நல்ல பிள்ளைகளை இங்கே நிறுத்த வேண்டுமானால் "பார்த்துச் செய்வோம்" என்ற வார்த்தை போதாது.

கடைசியில் நடந்தது

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நண்பரின் மருமகனை எடுப்பதாக முதல் நாளே பாதி வாக்குக் கொடுத்திருந்தேன். மற்ற நால்வரையும் அழைத்தது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். கொட்டாஞ்சேனைப் பையன் பேசிய அந்த ஒரு நிமிடம் என்னை வெட்கப்பட வைத்தது. அன்றிரவே நண்பருக்குத் தொலைபேசியில் பேசி, இயலாது என்று சொன்னேன். அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது எனக்குக் கவலைதான். வாக்குக் கொடுக்குமுன் யோசித்திருக்க வேண்டியவன் நான்.

புதிய பையன் வந்த இரண்டாவது வாரத்தில் ஒரு பொதியில் இரண்டு துணிச் சுருள் குறைவதைக் கண்டு, அன்றைக்கே எழுதி என் மேசையில் வைத்தார். நேர்முகப் பரீட்சையில் சொன்னது அதைத்தானே!

அடுத்த தடவை உங்கள் கடைக்கு ஆள் எடுக்கும்போது, யார் அனுப்பியது என்று கேட்குமுன் என்ன செய்யத் தெரியும் என்று கேளுங்கள்.