வைப்பு நிதிக் கணக்கின் மூன்றாவது பத்தி

ஒரு காலத்தில் மானாவாரிக் கேழ்வரகும் மாந்தோப்புகளுமாக இருந்த கர்நாடக எல்லையோரச் சீமையாகிய ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980இல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டின் வாகனங்களும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரங்களும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிய பிறகு, தருமபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து ஜீவனம் தேடி வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அக்குடும்பங்களின் முதல் தலைமுறை இன்று ஓய்வு பெற்றுவிட்டது. அதற்கு அடுத்த தலைமுறை பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் பருவத்தில் நிற்கிறது. ஊரில் விட்டுவந்த இரண்டு ஏக்கர் நிலமும் பாகப்பிரிவினையில் சிதறிவிட்டபடியால், ஆலைத் தொழிலாளியின் விருத்தாப்பியத்துக்கு ஆதாரமாக நிற்பது பெரும்பாலும் அவர் பெயரிலுள்ள வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., ஒன்றுதான்.

அந்த ஒன்றின்மேல்தான், மூத்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மே மாதத்தில், கல்லூரிக் கட்டணத்தின் பாரமும் வந்து விழுகிறது. ஏழாண்டுகள் உறுப்பினராக இருந்தவர், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பின் பொருட்டுத் தம் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதி வரை எடுக்கலாம் என்பது நெடுங்கால விதி. 2025 அக்டோபரில் கூடிய மத்திய அறங்காவலர் குழு இதனை மேலும் தளர்த்தி, நிதியில் கால் பங்கு மட்டும் எப்போதும் இருப்பில் நிற்கட்டும் என்று தீர்மானித்தது. அவசரத்தில் தவிக்கும் குடும்பத்துக்கு இது உபகாரமே. ஆயினும் நாற்பத்தாறு வயதில் எடுக்கப்படும் 2 லட்சம் ரூபாய், 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட 8.25 சதவீத வட்டியே நீடிப்பதாகக் கொண்டால், ஐம்பத்தெட்டாம் வயதில் 5 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பதையும், அவ்வாறு எடுத்ததைத் திரும்பச் செலுத்தும் நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமையால் அது மீண்டும் நிரம்புவது அபூர்வம் என்பதையும், விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து யோசிப்பது அவசியம்.

இந்த நிதியின் பாஸ்புக்கைச் சற்று உற்றுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் பெறும் ஒருவரின் கணக்கில் மாதந்தோறும் மூன்று தொகைகள் பதிவாகின்றன: தொழிலாளியின் பங்கு 1,800, முதலாளியின் பங்கு 550, மூன்றாவது பத்தியில் ஓய்வூதியத்துக்கென்று 1,250. முதலிரண்டு பத்திகளிலுள்ள பணம் வட்டியோடு வளர்வது, எடுக்கவும் கூடியது. மூன்றாவது பத்தியின் தன்மை வேறு. 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்லும் அத்தொகைக்கு வட்டி சேர்வதில்லை; அங்கே சேர்வது ஆண்டுகள். பணிக்கால ஆண்டுகளைச் சம்பளத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் கிடைப்பதே மாத ஓய்வூதியம். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இக்கணக்குக்கு 15,000 ரூபாய்தான் பொதுவான உச்சவரம்பு. ஆகவே பத்தாண்டு உழைத்தவருக்கு ஏறத்தாழ 2,143 ரூபாய். இருபதாண்டு முடித்து ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறுபவருக்கு, சலுகையாகச் சேரும் இரண்டாண்டையும் கூட்டி, ஏறத்தாழ 4,714 ரூபாய்.

இது சொற்பம் என்று கருதுவோரின் அபிப்பிராயத்தை நான் மறுக்கவில்லை. இத்தொகையை நம்பி ஓசூரில் ஒரு வீட்டுக்கு வாடகை கொடுத்து வாழ இயலாது. ஆனால் பத்தாண்டு நிறையாதவருக்கு இதுவும் இல்லை என்பதுதான் என் மனத்தை வருத்துவது. இன்று ஆலைகளில் காண்ட்ராக்ட் முறையில் வேலை செய்வோர் மிகப் பலர். ஒப்பந்ததாரர் மாறும்போதும், பேட்டையிலிருந்து பாகலூர்ப் பக்கமோ சூளகிரிப் பக்கமோ வேறு ஆலைக்குப் போகும்போதும், பழைய கணக்கை முடித்துக் கைக்கு வரும் சிறு தொகையை வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அத்தொகை வீட்டு அட்வான்ஸுக்கோ அடகு நகைக்கோ போய்விடும். அதனுடன் மூன்றாவது பத்தியில் சேர்ந்த ஆண்டுகளும் அழிந்து, புதிய இடத்தில் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆண்டுக்கணக்காக உழைத்தும் எந்த இடத்திலும் பத்தாண்டு காட்ட முடியாதவராக ஒருவர் முதுமை எய்துவது இவ்விதம்தான். 2014 முதல் வழங்கப்படும் யு.ஏ.என். என்னும் பொது எண்ணைப் புதிய முதலாளியிடம் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொண்டால், இடையில் எத்தனை ஆலை மாறினாலும் ஆண்டுகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே வரும்.

அப்படியானால் படிப்புக்கு வழி என்ன? கல்விக் கடன் என்றாலே அஞ்சும் குடும்பங்கள் உண்டு. அவ்வச்சத்தில் நியாயமும் உண்டு, ஏனெனில் உடன் கையொப்பமிடும் தந்தையும் கடனாளியே. ஆயினும் 4 லட்சம் ரூபாய் வரை வங்கி ஈடு கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளையே அதைத் தீர்க்கலாம். மேலும், ஓசூர்வாசிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர். அங்குள்ள தனியார் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகள் இங்கேயே நிற்கின்றன. ஆனால் 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நமது அரசு அளிக்கும் கட்டணச் சலுகை, தமிழ்நாட்டுக் கலந்தாய்வு மூலம் சேர்ந்தவருக்கே உரியது. அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடும், அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்பதும் உண்டு; புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற ஓரிடத்தில் இடம் கிடைக்கக்கூடிய பிள்ளையை, எல்லைக்கப்பால் மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ப்பதற்காகத் தந்தை தம் பி.எஃப். பணத்தை எடுப்பது, குடும்பத்தை இருமுறை நஷ்டப்படுத்துவதாகும்.

பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறையும் முன் அஞ்சலகத்தில் தொடங்கத்தக்க செல்வமகள் சேமிப்புக் கணக்கு, மேற்படிப்புக்கென்றே பதினெட்டு வயதில் பாதியைத் தருவது. ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து கட்டலாம். ஏலச்சீட்டில் பழகிய கைகளுக்கு இது கடினமன்று.

அண்மைக் காலத்தில் ஓசூரைச் சுற்றி எழுந்துள்ள கைப்பேசி உதிரிபாக ஆலைகளில், விடுதியில் தங்கி ஷிப்டு முறையில் பணிபுரியும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று நான்கு ஆண்டு உழைத்து, கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டு, கணக்கை அடியோடு முடித்துப் பணத்தைப் பெற்றோரிடம் கொடுத்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதில், பிள்ளைகள் பள்ளி செல்லத் தொடங்கிய பின் அதே பெண் மீண்டும் ஆலைக்கு வருகையில் பழைய ஆண்டுகளுக்கு அடையாளமே இராது. கல்யாணச் செலவுக்கு முதலிரண்டு பத்திகள் போகட்டும். பத்தாண்டு நிறையாமல் விலகுவோர் ஓய்வூதியப் பங்குக்காகத் தரும் 10-சி படிவத்தில், பணம் வேண்டுமா, பணிக்காலச் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்கும் ஓர் இடம் இருக்கிறது. சான்றிதழ் என்று குறித்துப் பெற்று அதைப் பத்திரப்படுத்திவைத்தால், பின்னாளில் சேரும் எந்த ஆலையிலும் அந்த நான்கு ஆண்டுகள் அவள் கணக்கில் ஏறும்.