ஐவர் மறைந்த ஆண்டு

மாண்டவரை நினைப்பதிலும் ஓரவஞ்சனை செய்வது உலக இயல்பாயிருக்கிறது. புகழின் உச்சியில் இறந்தவருக்குச் சிலையும் வீதியின் பெயரும் கிடைக்கின்றன. வறுமையிலோ அபவாதத்திலோ இறந்தவருக்கு வருஷத்தில் ஒரு நாள் மாலை கிடைப்பதும் அரிது. 1925-ஆம் ஆண்டை நினைக்கும்போது இந்த ஓரவஞ்சனை நமக்கு நன்றாக விளங்குகிறது. அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு முடிவதற்குள் வ. வே. சு. ஐயர், சித்தரஞ்சன் தாஸ், சுப்பிரமணிய சிவா, சுரேந்திரநாத் பானர்ஜி, ராமகிருஷ்ண கோபால பண்டார்கர் ஆகிய ஐவரை இத்தேசம் இழந்தது. 2025-ஆம் ஆண்டோடு அவர்கள் மறைந்து நூறாண்டு நிறைவெய்தியது. ஐவரையும் ஒருங்கே வைத்து நோக்குவது பயன்தரும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் மறைந்தவர் ஐயர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றவர் புரட்சி வீரராகத் திரும்பிப் புதுச்சேரியில் பல்லாண்டுகள் அஞ்ஞாதவாசம் செய்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1916-இல் வெளியிட்டார். தமிழில் நவீனச் சிறுகதைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவருமானார். பாபநாசத்து அருவியில் விழுந்த தம் புதல்வியைக் காக்க முயன்று, நாற்பத்து நான்காம் வயதில் நீரில் மாண்டார்.

ஆயினும் அவரை நினைப்போர் மறைக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறலாகாதென்று ஐயர் கருதினார். பொதுஜனங்களின் பணத்தால் நடக்கும் தேசியப் பள்ளியில் பந்தி வேற்றுமை தகாதென்று மற்றவர் வாதித்தனர். இவ்விஷயத்தில் நியாயம் எதிர்த்தவர் பக்கமே இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டோடு ஈ. வெ. ராமசாமி காங்கிரஸை விட்டு விலகினார். அதற்கு நேர்க் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானமாயினும், குருகுலத்தில் ஏற்பட்ட மனக்கசப்பும் அதிற் கலந்திருந்தது. தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி அது. ஐயரின் தியாகத்தைப் போற்றுவோர் இதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

ஜூன் 16-ந் தேதி தார்ஜீலிங்கில் தேசபந்து தாஸ் காலமானார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி 1909-இல் விடுதலை பெற்றுத் தந்தவர் அவர். தந்தையார் இன்ஸால்வென்ட் ஆனபின், சட்டப்படி தம்மைக் கட்டுப்படுத்தாத கடன்களையும் பிற்காலத்தில் தாமே தீர்த்தார். வக்கீல் தொழிலை அறிந்த நமக்கு, அவர் வென்ற வழக்குகளைக் காட்டிலும் இச்செயலே பெரிதாகத் தோன்றுகிறது. ஒத்துழையாமை இயக்கத்தில் பெருவருமானத்தைத் துறந்தார். 1924-இல் கல்கத்தாவின் முதல் மேயரானார். தம் மாளிகையையும் மாதர் நலனுக்கென்று அளித்தார். அவரது இறுதி ஊர்வலத்தை மகாத்மா காந்தியே முன்னின்று நடத்தினார். கல்கத்தா நகரம் முழுவதும் திரண்டு வந்தது.

ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 23-ந் தேதி, தருமபுரிக்கு அருகிலுள்ள பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா உயிர் நீத்தார். வயது நாற்பதுதான். 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சிறை புகுந்தவர் குஷ்டரோகத்துடன் வெளிவந்தார். அந்நோயைக் காரணங்காட்டி ரயிலில் ஏறலாகாதென்று தடுக்கப்பட்ட பின்பும் அவர் ஓய்ந்தாரில்லை. நடந்தும் கட்டைவண்டியில் சென்றும் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்புவது அவர் கனவு. அதற்கு 1923-இல் அஸ்திவாரக் கல் நாட்டியவர் சித்தரஞ்சன் தாஸே! கல்லை நாட்டியவரும் நாட்டுவித்தவரும் ஒரே கோடையில் மறைந்தனர். ஒருவருக்கு நகரமே திரண்டது. மற்றவருக்கு அத்தகைய கூட்டம் ஏது? அவ்வூரில் அரசாங்கம் நினைவாலயம் கட்டப் பல்லாண்டுகள் சென்றன.

ஆகஸ்டு 6-ந் தேதி சுரேந்திரநாத் பானர்ஜி காலஞ்சென்றார். சிவில் ஸர்வீஸ் பரீட்சையில் தேறிப் பதவியேற்று, சிறு பிழைக்காக 1874-இல் நீக்கப்பட்டவர் அவர். 1883-இல் கோர்ட்டு அவமதிப்புக் குற்றத்துக்காக இரண்டு மாதம் சிறையிலிருந்தார். இருமுறை காங்கிரஸ் அக்கிராசனம் வகித்தார். அத்தகையவர் முதுமையில் ஸர் பட்டமும் மந்திரி பதவியும் ஏற்றதனால் ஜனங்களின் அன்பை இழந்தார். 1923 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர், தாஸின் சுயராஜ்யக் கட்சி ஆதரவு பெற்ற டாக்டர் பிதான் சந்திர ராய். ஆயினும் மந்திரியாயிருந்து பானர்ஜி நிறைவேற்றிய கல்கத்தா முனிசிபல் சட்டத்தின்படியே தாஸ் மேயரானார். எதிரி வெட்டிய கிணற்றில் எதிரியே நீர் மொண்டதை ஒத்தது இது.

ஆகஸ்டு 24-ந் தேதி எண்பத்தெட்டாம் வயதில் பண்டார்கர் மறைந்தார். அவர் மேடைகளில் முழங்கியவர் அல்லர். தக்காணத்தின் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்து எழுதிய ஸம்ஸ்கிருத பண்டிதர் அவர். விதவையான தம் புதல்விக்கு 1891-இல் மறுமணம் செய்வித்தார். சாஸ்திரம் கற்றவரே சாஸ்திரத்தின் பேரால் நடந்த கொடுமையை எதிர்த்து நின்றார். அவர் பெயரால் 1917-இல் புனாவில் தோன்றிய ஆராய்ச்சி ஸ்தாபனம் மகாபாரதத்தின் சுத்தப் பதிப்பை 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்தது. தொடங்கிய தலைமுறையினரில் பலர் முடிவைக் காணவில்லை. எனினும் வேலை நின்றதில்லை.

ஐவரையும் சேர்த்துப் பார்க்குமிடத்து நமக்குத் தெரிவதென்ன? ஒருவர் தவறிழைத்தார், ஒருவர் ஜனங்களால் தள்ளப்பட்டார், ஒருவர் நோயால் ஒதுக்கப்பட்டார், ஒருவர் அரசியற் கூச்சலுக்கு அப்பால் ஏடுகளுக்கிடையே வாழ்ந்தார். ஒருவருக்கே நிறைந்த மரியாதை வாய்த்தது. மரண காலத்து மரியாதையைக் கொண்டு மனிதரை அளப்பதானால் ஐவரில் நால்வரை நாம் இழந்துவிடுவோம்.

ஞாபகார்த்தம் என்பது மாலை சூட்டுவதோடு முடிவதன்று. ஐயரின் கதைகளைப் பிள்ளைகள் படிக்கவேண்டும். அக்குருகுலத்துப் பந்தியின் கதையையும் அவர்கள் அறியவேண்டும். சிவாவின் பெயரைச் சொல்லும் வாய், இன்று தொழுநோயாளரைக் கண்டு முகஞ்சுளிக்குமானால் அந்த நினைவால் யாது பயன்? இறந்தோர் நம்மிடம் புகழுரையைக் கேட்கவில்லை. அவர்களைப் பற்றிய உண்மையைச் சொல்லி, விட்ட வேலையை எடுத்துச் செய்வதே நாம் அவர்களுக்குப் பட்ட கடன். சட்டம் கட்டாயப்படுத்தாத கடனையும் தீர்ப்பதே கண்ணியம் என்று அவ்வைவரில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.