ஆப்பிஸ்டோ குஞ்சுகளும் தெர்மாமீட்டரும்

செடித்தொட்டி வைத்திருக்கும் நண்பர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. "ஆப்பிஸ்டோ ஜோடி வாங்கினேன், முட்டை வெச்சுது, குஞ்சும் நல்லாத்தான் வளர்ந்துச்சு. பெருசானப்புறம் பார்த்தா அத்தனையும் ஆண்." கடைக்காரர் ஏதோ ஹார்மோன் போட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று அடுத்து ஒரு சந்தேகம் வரும். பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை. காரணம் தொட்டித் தண்ணீரின் சூடு. இன்னும் நேராகச் சொன்னால், சென்னையின் மே மாதம்.

முதலில் மீனைப் பற்றி. ஆப்பிஸ்டோகிராமா என்பது தென்னமெரிக்கக் குள்ளச் சிக்லிட்களின் பேரினம். 1913-ல் ரீகன் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'நம்ப முடியாத கோடு' என்கிற மாதிரி அர்த்தம். மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு இவற்றில் ஒழுங்காக இருக்காது, அதனால் அப்படி ஒரு பெயர். இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 90-க்கும் மேல். நான் இங்கே பேசுவது காக்கட்டுவாய்டிஸ் பற்றி. பெரு நாட்டின் உகயாலி ஆறு, அதைச் சுற்றிய மேற்கு அமேசான் பகுதிதான் இதன் ஊர். ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் முன்பக்க முட்கள் நீண்டு, காக்கட்டூ கிளியின் கொண்டை மாதிரி நிற்கும். ஆண் சுமார் 8 செ.மீ., பெண் 5 செ.மீ. வரும்.

நம்ம ஊருக்கு இந்த இனத்தைச் சிபாரிசு செய்ய ஒரே காரணம் தண்ணீர்தான். இதன் உறவுக்கார இனங்கள் பலவும் மழைத்தண்ணீர் போல மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீரைக் கேட்கும். இது அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. என் வீட்டு போர் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் 600-க்கு மேல் காட்டும். அதில் பாதிக்கு மேல் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 250 அளவுக்குக் கொண்டுவந்தால் இந்த மீன் சந்தோஷமாக முட்டை வைக்கிறது.

செடித்தொட்டி என்றதும் பளீரென்று லைட், கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், புல்வெளி மாதிரி கத்தரித்த செடி என்று கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஆப்பிஸ்டோ கேட்பது அதை இல்லை. அது வாழ்வது ஆழமில்லாத ஓரங்களில், மட்கிய இலைக்குப்பை நடுவே. அமேசான் இலைக்கு இங்கே எங்கே போவது? நம் தெருவில் கொட்டிக்கிடக்கும் பாதாம் மரத்து இலையே போதும். செடியில் தொங்கும் பச்சை இலை வேண்டாம். தானாகக் காய்ந்து விழுந்தது, பூச்சிமருந்து படாதது. அலசி அப்படியே போட்டால் இரண்டு மூன்று நாளில் அடியில் இறங்கிவிடும், தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். இரண்டடித் தொட்டி, மெல்லிய மணல், பின்னால் இரண்டு அமேசான் சோர்டு, கொஞ்சம் ஜாவா மாஸ் (இது ஆசியச் செடி, மீனுக்கு அந்தப் பேதம் கிடையாது), மேலே வெளிச்சத்தை மறைக்க மிதக்கும் செடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அப்புறம் முக்கியமாக, பக்கத்தில் சின்ன வாசல் வெட்டிக் கவிழ்த்த கொட்டாங்குச்சி. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்று வேண்டும், ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இடத்தில். ஓர் ஆண், இரண்டு மூன்று பெண் என்பதுதான் இயற்கையில் இவற்றின் குடும்பக் கணக்கு.

பெண் மீன் முட்டைக்குத் தயாரானால் பளிச்சென்று மஞ்சளாகும், கறுப்புக் குறிகள் அழுத்தமாகும். முட்டையைக் கொட்டாங்குச்சியின் உள்கூரையில் ஒட்டும்; அதாவது தலைகீழாக நீந்திக்கொண்டே. அதற்குப் பிறகு ஆணுக்கு உள்ளே வேலை இல்லை. எட்டிப் பார்த்தால் தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரியவனைத் துரத்தியடிக்கும். சூட்டைப் பொறுத்து மூன்று நாளில் முட்டை பொரியும். இன்னும் நாலைந்து நாளில் மஞ்சட்கரு தீர்ந்து குஞ்சுகள் நீந்த ஆரம்பிக்கும். தாய் வெளியே கூட்டிவரும் அந்த நாள் மட்டும் தவறவிடாதீர்கள். துடுப்பையும் உடம்பையும் லேசாக உதறும்; உடனே குஞ்சுகள் மொத்தமும் அடியில் படிந்து அசையாமல் கிடக்கும். ஆபத்து போனதும் இன்னொரு அசைவு, கூட்டம் மறுபடி கிளம்பும். முதல் உணவு அப்போதுதான் பொரித்த ஆர்டீமியா. உப்புத் தண்ணீரில் காற்றோட்டம் கொடுத்து ஒரு நாள் வைத்தால் பொரிந்துவிடும். அது தயாராகும் வரை மாஸிலும் மட்கிய இலையிலும் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். பழைய செடித்தொட்டியின் பெரிய லாபமே இதுதான்.

இனி ஆண், பெண் விஷயத்துக்கு வருவோம். மனிதரில் கருவுறும் நொடியிலேயே குரோமோசோம் கணக்கு முடிந்துவிடுகிறது. எல்லா விலங்குக்கும் அப்படி இல்லை. சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு அதிகம், குளிர்ந்தால் ஆண் அதிகம். ஆப்பிஸ்டோவில் இது தலைகீழ். 1996-ல் ஜெர்மானியர்களான ஊவே ரோமர், வொல்ஃப்காங் பைஸன்ஹெர்ட்ஸ் இருவரும் 37 ஆப்பிஸ்டோ இனங்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து எண்ணிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லா இனத்திலும் ஒரே போக்கு: 23 டிகிரி பக்கம் பெண் அதிகம், 29 பக்கம் ஆண் அதிகம், நடுவில் 26-ல் இரண்டும் கலந்து. மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் பி.எச். பற்றித்தான் அதிகம் பேச்சு, ஆனால் இந்த ஆய்வில் சூடு அளவுக்குப் பி.எச். எல்லா இனத்தையும் ஆட்டவில்லை. முட்டையிட்டதிலிருந்து முதல் சில வாரங்கள்தான் இந்த ஜன்னல் திறந்திருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் ஏ.சி. அறையில் வைத்தாலும் ஆண் ஆண்தான்.

எப்படி நடக்கிறது என்பதற்கு வேறொரு மீனில் நல்ல தடயம் உண்டு. உடம்பில் அரோமடேஸ் என்று ஒரு நொதி, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும். ஐரோப்பியக் கடல் பாஸ் மீனைச் சின்ன வயதில் சூட்டில் வளர்த்தால் இந்த நொதிக்கான மரபணுவின் சுவிட்ச் பகுதியில் மெத்தில் குறிகள் கூடி, மரபணு அடங்கிப்போகிறது. பெண் ஹார்மோன் போதாமல் மீன் ஆணாகிறது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதைப் படிப்பதுதான் மாறுகிறது. நம்ம பாஷையில், கோடு அதேதான், கான்ஃபிக் ஃபைல் வேறே.

எண்ணும்போது ஒரு கவனம் தேவை. அடங்கிப்போன ஆண்கள் சில, பெரிய ஆணுக்குப் பயந்து, பெண் மாதிரியே சின்னதாக, மங்கலாகத் திரியும். பெரியவனை எடுத்த பிறகுதான் கொண்டை முளைக்கும். அதனால் மூன்று மாதத்தில் எண்ணி "பாதிக்குப் பாதி" என்று முடிவு கட்டுவது சரியில்லை. ஐந்தாறு மாதம் பொறுக்கணும்.

ஏப்ரல், மே மாதங்களில் என் தொட்டி எதுவும் செய்யாமலே 31 காட்டும். இதில் தொட்டியோடு சேர்த்து ஹீட்டரும் விற்கிறார்கள்! தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாதலில் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதற்குக் கீழே கொண்டுபோவது கஷ்டம். காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் ஆவியாதல் குளிர்ச்சிக்கு அடித்தளம். சென்னைப் புழுக்கத்தில் அந்த அடித்தளமே உயரத்தில் இருக்கிறது. மதுரையில் கோடை ஃபேன் இதைவிட நன்றாக வேலை செய்யும், காற்று வறண்டது. இன்னொன்று, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். குறைந்த அளவை போர் தண்ணீரால் நிரப்பினால் டி.டி.எஸ். வாராவாரம் ஏறும். நிரப்புவது ஆர்.ஓ. தண்ணீராகவே இருக்கட்டும்.

சுலபமான வழி காலண்டர். மார்கழி, தை மாதங்களில் தொட்டி தானாகவே 25, 26-ல் நிற்கும். கார்த்திகையில் நல்ல தீனி கொடுத்துப் பெண்களைத் தயார் செய்தால் முட்டை சரியான பருவத்தில் விழும். மே மாதம் முட்டை வைத்தால் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் அதில் ஜோடி எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்கு அந்த ஆண்கள் கசக்காது. கொண்டையும் சிவப்பு வாலும் ஆணுக்குத்தான், கேட்டு வாங்குவதும் அதைத்தான். பெண்ணைச் சீண்டுபவர் இல்லை, அதனால் பண்ணைக்காரருக்கும் சூட்டைக் குறைக்கக் காரணமில்லை. விளைவு, நல்ல பெண் மீன் தேடி அலைகிறோம்.

இயற்கையில் இது வேடிக்கையான விஷயமாக இல்லை. 2023 வறட்சியில் பிரேசிலின் டெஃபே ஏரித் தண்ணீர் 39 டிகிரியைத் தாண்டியது. சில வாரங்களில் 150-க்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் செத்தன. அது உலகச் செய்தியானது. ஆப்பிஸ்டோ வாழும் முழங்கால் ஆழ ஓரங்கள் சூடாவதற்கு அவ்வளவு பெரிய வறட்சி தேவையில்லை. சாகாமலேயே ஓர் இனம் தேயலாம்: ஓராண்டுக் குஞ்சுகள் ஆணாகவே வந்தால் அடுத்த ஆண்டு முட்டை எண்ணிக்கை விழும். ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான் என்பதால், அடுத்தடுத்து இரண்டு சூடான ஆண்டுகளைத் தாங்கும் கையிருப்பு இதனிடம் குறைவு.

உங்களிடம் குஞ்சுகள் இருந்தால் முட்டை வைத்த தேதி, முதல் ஆறு வாரத்துக்குத் தினமும் காலையும் மாலையும் தண்ணீர் வெப்பநிலை, ஆறாம் மாதத்தில் ஆண்-பெண் எண்ணிக்கை, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை குஞ்சு செத்தது என்பதையும் சேர்த்து எழுதணும். அது இல்லாத எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.