டிக்ரி கையில், வீடு மனைவி பேரில்

புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டு, வருஷக்கணக்கில் அலைந்து ஒருவர் டிக்ரி வாங்குகிறார். நிறைவேற்று மனுவுக்காக வில்லங்கச் சான்று எடுத்தால், சம்மன் கிடைத்த கையோடு பிரதிவாதி தன் வீட்டை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதியிருப்பது தெரிகிறது. குடியிருப்பது அவர்தான், மாடி வாடகையை வாங்குவதும் அவர்தான். இந்தியாவில் வழக்காடுபவருக்குத் தொல்லை தொடங்குவதே டிக்ரி வாங்கிய பிறகுதான் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொன்னது.

சட்டம் இல்லாமல் இல்லை. கடன் கொடுத்தவரை ஏமாற்றவோ இழுத்தடிக்கவோ எழுதிய பத்திரத்தை அவர் ரத்து செய்யக் கோரலாம் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு. ஆனால் கெட்ட நோக்கத்தை நிரூபிக்கும் சுமை பொதுவாக அவர் தலையில்தான். அடுத்தவர் வீட்டுக்குள் பேசி முடித்த ஏற்பாட்டுக்கு அவர் சாட்சிக்கு எங்கே போவார்? வழக்கு நடக்கும்போது கைமாறிய சொத்து தீர்ப்புக்குக் கட்டுப்படும் என்னும் 52ஆம் பிரிவும் கைகொடுக்காது. சொத்தின் உரிமையே வழக்கானால்தான் அது பொருந்தும், பணப் பாக்கிக்கு அல்ல. மிஞ்சுவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் கட்டளை, 5ஆம் விதி: தீர்ப்புக்கு முன்பே ஜப்தி. அதையும் கேட்டவுடன் கொடுத்துவிடக் கூடாது என்று ராமன் டெக் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. நியாயமான எச்சரிக்கைதான்.

அதனால்தான் ஜப்தியைத் தாராளமாக்குவதைவிட, நிரூபிக்கும் சுமையை மாற்றுவது மேல். சம்மன் சேர்ந்த பிறகு பிரதிபலன் இல்லாமல் நெருங்கிய உறவினருக்கு எழுதிய பத்திரத்தை மோசடி என்றே அனுமானிக்கட்டும். இல்லை என்று எழுதி வாங்கியவர் காட்டட்டும். இது புதுச்சரக்கு அல்ல. திவாலானவர் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் சும்மா எழுதிக் கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டமே சொல்கிறது.

மகளுக்கு வீடு எழுதுவதெல்லாம் மோசடியா, பொய் வழக்குப் போட்டே மிரட்டுவார்களே என்று கேட்கலாம். அனுமானம் சொத்தை முடக்காது. கடனை அடைக்க வேறு சொத்து இருக்கிறது என்று காட்டினால் போதும். பொய் வழக்கு தள்ளுபடியானால் இந்தப் பேச்சே எழாது. காசு கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு 53ஆம் பிரிவு தரும் பாதுகாப்பும் அப்படியே இருக்கும். சம்மனுக்கு முன்பே எழுதிவைக்கும் கெட்டிக்காரர் இதில் சிக்கமாட்டார்தான்; அவருக்குப் பழைய வழிதான்.

சட்டம் மாறும்வரை, வழக்குப் போடும் அன்றே வில்லங்கம் பாருங்கள். எதிராளி சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் ஜப்தி மனுவையும் சேர்த்தே போடுங்கள். முறைப்படி ஜப்தியான பிறகு அவர் எழுதும் பத்திரம் உங்கள் டிக்ரிக்கு எதிராகச் செல்லாது.