என்பும் காறையும்: எலும்புப் பெயர்களின் பொருள்மாற்றம்

வளர்ந்த மனிதரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன என்று அறிவியல் வகுப்பில் கற்பிக்கிறோம். அவற்றின் பெயர்கள் எங்கிருந்து வந்தன, காலப்போக்கில் எவ்வாறு பொருள் மாறின என்பதைப் பெரும்பாலும் கற்பிப்பதில்லை. எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுட்டும் சொல்தான் நகர்கிறது. அந்நகர்வை மூன்று சொற்களின் வழியே காண்போம்.

முதலாவது, பொருள் விரிந்து சுருங்குதல். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் 'என்பு' என்னும் சொல் பயில்கிறது. 77ஆம் குறளில் எலும்பில்லாத உயிரினம் பேசப்படுகிறது. அங்கு அச்சொல்லுக்கு நேர்பொருளே பொருந்தும். 73ஆம் குறளிலோ, உயிரோடு தொடர்புற்ற என்பு என்பதற்கு உடம்பு என்று உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். உறுப்பின் பெயர் முழு உடலுக்கு ஆகி வந்தமையால் இது சினையாகுபெயர். இன்று இலங்கைப் பாடநூல்களில் 'என்பு' கலைச்சொல்லாக வழங்குகிறது. அங்கு அது எலும்பை மட்டுமே குறிக்கும். உடம்பு என்னும் விரிந்த பொருளுக்கு இடமில்லை. கலைச்சொல்லாகும்போது சொல் துல்லியம் பெறுகிறது. அதற்கு ஈடாகத் தன் பொருட்பரப்பில் ஒரு பகுதியை இழக்கிறது.

இரண்டாவது, பெயர் இடம் மாறுதல். இலத்தீன் மொழியில் 'சூரா' என்பது கெண்டைக்காலைக் குறிக்கும் சொல். கி.பி. முதலாம் நூற்றாண்டில் மருத்துவ நூல் இயற்றிய செல்சஸ், கீழ்க்காலின் வெளிப்புறத்து மெல்லிய எலும்பையே அச்சொல்லால் குறித்தார். பிற்காலத்தில் அந்த எலும்புக்கு 'ஃபிபுலா' என்னும் பெயர் நிலைத்தது. ஃபிபுலா என்பது ஆடையைப் பிணைக்கும் ஊக்கு. 'சூரா' மீண்டும் கெண்டைக்காலுக்கே உரியதாயிற்று. ஆகவே பழைய நூலைப் படிப்பவர் இன்றைய அகராதியை மட்டும் நம்பினால் எலும்பைத் தசையென்று கொள்ள நேரும்.

மூன்றாவது, பெயருக்கு மூலமான பொருள் மறைதல். மார்பெலும்பையும் தோள்பட்டை எலும்பையும் இணைப்பது காறையெலும்பு. காறை என்பது கழுத்தில் அணியும் வளைய வடிவ அணி. பெரியாழ்வார் திருமொழியில், அதை அணிந்து கண்ணாடியில் தன்னைக் காணும் பெண்ணொருத்தி வருகிறாள். பிற்கால இலத்தீன் மருத்துவ நூலாரோ அதே எலும்பைச் 'சிறு திறவுகோல்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். இரு மொழியினரும் தத்தம் வீட்டுப் பொருளைக் கொண்டே பெயரிட்டுள்ளனர்.

இன்று காறை வழக்கிழந்துவிட்டது. அதனால் மாணவர் பலர் 'காரை எலும்பு' என்று எழுதுகின்றனர். அச்சிலும் இவ்வடிவைக் காண்கிறோம். காரை என்பது சுவருக்குப் பூசும் சுண்ணச்சாந்து. பேச்சில் ரகர றகர வேறுபாடு மங்கிய நிலையில், இதை எழுத்துப்பிழை என்று மட்டும் கருதித் திருத்துகிறோம். உண்மையில், அணியை அறியாத மாணவருக்கு றகரம் எழுதக் காரணமே இல்லை.

எளிமை கருதிக் 'கழுத்துப்பட்டை எலும்பு' என்று மாற்றலாமே என்பர் சிலர். மாணவர்க்கு விளங்க வேண்டும் என்னும் அவர்கள் நோக்கம் நியாயமானது. ஆயினும் அது ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு. கழுத்துப்பட்டையும் ஒருநாள் வழக்கிழக்கலாம். அப்போது மீண்டும் பெயர் மாற்றுவோமா?

பெயரை மாற்றுவதினும் அதன் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பதே நிலைத்த பயன் தரும் என்பது நம் கருத்து. காறையின் படமொன்றைக் காட்டி, மாணவரைத் தம் கழுத்தடியில் விரலால் அவ்வெலும்பைத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். அணி தங்கும் இடத்தைத் தம் உடலிலேயே உணர்ந்தவர்க்குச் சொல்லும் விளங்கும், றகரமும் மறவாது.