‘கிடைக்கல’ என்று சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்? சின்ன ஏமாற்றங்களைப் பகிர்வது பற்றி உளவியல் சொல்வது என்ன?

இரவு 9 மணி. போட்டித் தேர்வு முடிவுப் பட்டியலில் தன் பதிவெண்ணை மூன்றாவது முறையாகத் தேடுகிறார் ஓர் இளைஞர். முன்னால் உள்ள எண் இருக்கிறது, பின்னால் உள்ள எண் இருக்கிறது, அவருடையது இல்லை. செல்போன் அடிக்கிறது. ஊரிலிருந்து அத்தை. “என்னப்பா, ரிசல்ட் வந்துடுச்சாமே?”

“இன்னும் பார்க்கல அத்தை. சர்வர் பிஸியா இருக்கு.”

இப்படி ஒரு பொய்யை வாழ்நாளில் ஒருமுறையாவது சொல்லாதவர்கள் குறைவு. வேலைக்கான நேர்காணலில் தேர்வாகவில்லை, வங்கிக் கடன் மனு நிராகரிக்கப்பட்டது, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘அப்புறம் சொல்றோம்’ என்றதோடு சரி, கடையில் வியாபாரம் இல்லை. உயிர் போகிற விஷயம் எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டில் சொல்ல வாய் வருவதில்லை. ஏன் அப்படி? சொன்னால் உண்மையிலேயே மனசு லேசாகுமா?

துக்கத்துக்கு முறை இருக்கிறது, ஏமாற்றத்துக்கு?

மரணம் போன்ற பெரிய இழப்பைப் பகிர்ந்துகொள்ளத் தமிழ்ச் சமூகத்தில் தெளிவான வழிமுறைகள் உண்டு. ஊர் ஊராக ஆள் அனுப்பித் துக்கம் சொல்லிவிடுவார்கள். தந்தி இருந்த காலத்தில் தபால்காரர் அதை நீட்டினாலே, பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அழத் தொடங்கிய வீடுகள் உண்டு. இந்தியாவில் தந்திச் சேவை 2013-ல் முடிவுக்கு வந்தபோதும், அந்த வார்த்தை தந்த பயம் பலருக்குப் போகவில்லை.

துக்கம் விசாரிக்கப் போகிறவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதிகம் பேசக் கூடாது. கொஞ்ச நேரம் கூட உட்கார வேண்டும். கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. ‘ஏன் அழறே?’ என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அன்றாட ஏமாற்றத்துக்கு இப்படி எந்த முறையும் கிடையாது. அதை எப்படிச் சொல்வது என்று சொல்பவருக்கும் தெரிவதில்லை, எப்படிக் கேட்பது என்று கேட்பவருக்கும் தெரிவதில்லை. விளைவு, ஒருவர் மறைக்கிறார். இன்னொருவர், தெரிந்ததும் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று ஆரம்பிக்கிறார்.

வாய் வராததற்குக் காரணம் என்ன?

கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குவது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர்கள் சிட்னி ரோசனும் ஆபிரகாம் டெஸரும் 1970-ல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்தார்கள். இன்னொருவருக்கு வந்த தொலைபேசித் தகவலை அவரிடம் சேர்க்கும் பொறுப்பு ஆய்வில் பங்கேற்றவர்களிடம் தரப்பட்டது. நல்ல செய்தி என்றால் முழுவதையும் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால், ‘உங்களுக்கு போன் வந்தது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும் போக்கு அதிகமாக இருந்தது. அந்தச் செய்திக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியும் தயக்கம்.

யாருக்கோ வந்த செய்திக்கே இப்படி என்றால், தன்னைப் பற்றிய செய்திக்குக் கேட்கவே வேண்டாம். அதனுடன் நம் ஊரில் இன்னும் சில பாரங்கள் சேர்கின்றன. ‘நாலு பேர் என்ன நினைப்பாங்க’ என்ற கூச்சம். நகையை அடகு வைத்துக் கோச்சிங் கட்டணம் கட்டிய அம்மாவின் முகம். நேற்று வரை ‘எங்க பையன் ஆபீஸர் ஆகிடுவான்’ என்று சொல்லித் திரிந்த அப்பா. அந்த நேரத்தில் தன் வருத்தத்தைவிட, அவர்கள் வருத்தப்படுவதைப் பார்க்க நேரும் என்ற பயமே பெரிதாக இருக்கிறது.

சொன்னால் பாரம் குறையுமா?

‘சொன்னா பாதி பாரம் குறையும்’ என்பது எல்லோரும் சொல்வது. இது பாதிதான் உண்மை என்கிறது உளவியல்.

பெல்ஜிய உளவியலாளர் பெர்னார்ட் ரிமே, மனிதர்கள் தங்கள் உணர்ச்சிகளை எப்படிப் பகிர்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். உணர்ச்சிகரமான அனுபவங்களில் மிகப் பெரும்பாலானவற்றை மக்கள் யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. ஆனால், அவமானமும் குற்றவுணர்வும் கலந்த விஷயங்களைச் சொல்லத் தயங்குகிறார்கள்.

அவருடைய ஆய்வுகளில் இன்னொன்றும் தெரியவந்தது. மனம்விட்டுப் பேசியவர்கள், ‘பேசினது நல்லா இருந்துச்சு’ என்றார்கள். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையே நெருக்கம் கூடியது. ஆனால், அந்தச் சம்பவத்தை மீண்டும் நினைக்கும்போது எழும் வருத்தம், பேசியதால் மட்டும் குறைந்துவிடவில்லை. ‘தனியாக இல்லை’ என்ற தெம்பைத் தருவது பேச்சு. வருத்தமே குறைய வேண்டும் என்றால், நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கவும், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கவும் அந்தப் பேச்சு உதவ வேண்டும்.

திரும்பத் திரும்பப் புலம்பினால்?

இரண்டு நண்பர்கள் டீக்கடையில் உட்கார்கிறார்கள். இருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. தினமும் அதே பேச்சு. ‘எல்லாம் சிபாரிசுதான்டா’, ‘நம்ம தலையெழுத்து அவ்ளோதான்’. பேசிவிட்டு எழும்போது வந்ததைவிடக் கனமாக வீடு திரும்புகிறார்கள்.

இதற்கு ‘கூட்டுப் புலம்பல்’ என்று பெயர் வைக்கலாம். அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ், பள்ளி மாணவர்களிடம் இதை ஆராய்ந்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் நட்பு நெருக்கமாக இருந்தது. அதே நேரத்தில் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன.

அதனால் நண்பரிடம் பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. ‘சரி, அடுத்து என்ன பண்ணலாம்?’ என்ற கேள்விக்குப் பேச்சு எப்போதாவது வந்து சேருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்ல ஆளே இல்லை என்றால்?

ஒரு நோட்டும் பேனாவும் போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தினமும் 15 நிமிடங்கள் என்று நான்கு நாள்கள் எழுதச் சொன்னார். சிலர் தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதினார்கள், சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மனதைப் பாதித்த சம்பவத்தையும் அது தந்த உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதிய கையோடு மனம் சங்கடப்பட்டது. ஆனால், அடுத்துவந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைவாக இருந்தது. இந்த முறை எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் தருவதில்லை என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் செலவில்லாத வழி. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழித்தும் போட்டுவிடலாம்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் உதவும். ‘மனசு சரியில்ல’ என்பது பொதுவான பேச்சு. அது கோபமா, வெட்கமா, பயமா, பொறாமையா? 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் நடத்திய ஆய்வில், பார்த்த முகத்தில் தெரிந்த உணர்ச்சியை வார்த்தையால் குறிப்பிட்டபோது, மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிந்தது தெரியவந்தது.

பாட்டிகளின் பெஞ்ச்

கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஜிம்பாப்வே நல்ல உதாரணம். அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக்குக் காசில்லாத நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். மக்கள் மருத்துவரைத் தேடி வருவதற்குப் பதிலாக, அவர்கள் இருக்கும் இடத்துக்கே உதவி போக வேண்டும் என்று சிபாண்டா முடிவு செய்தார். 2006-ல் ஹராரே நகரில் ‘நட்பு பெஞ்ச்’ தொடங்கியது.

சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்ச். அதில் பயிற்சி பெற்ற பாட்டி ஒருவர். வருகிறவர் கதையைச் சொல்வார், பாட்டி கேட்பார். பிறகு, இருக்கும் பிரச்சினைகளில் இன்றைக்கு எதைக் கையில் எடுக்கலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். 573 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறக்குறைய 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் அது சுமார் 14 சதவீதம்தான்.

கேட்பவர் என்ன செய்யலாம்?

* முதல் ஐந்து நிமிடம் அறிவுரை வேண்டாம். ‘கஷ்டமாத்தான் இருக்கும்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.
* ‘நான் என்ன பண்ணட்டும்? சும்மா கேட்கவா, யோசனை சொல்லவா?’ என்று நேராகவே கேட்கலாம்.
* ‘பக்கத்து வீட்டுப் பையன் பாஸாயிட்டானாமே’, ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ - இந்த இரண்டையும் தவிர்த்துவிடலாம்.
* அவர் சொன்னதை அவருடைய அனுமதி இல்லாமல் சித்தப்பா வரைக்கும் கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை அப்படி நடந்தால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.
* இரண்டு நாள் கழித்து ஒரு போன். ‘இப்ப எப்படி இருக்கே?’ பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

சொல்பவர் என்ன செய்யலாம்?

எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் ஒருவர். திட்டாமல் கேட்பார் என்று தோன்றும் அக்காவோ, மாமாவோ, பழைய ஆசிரியரோ. அவரிடம் சொல்லிப் பழகிய பிறகு அப்பாவிடம் சொல்வது கொஞ்சம் எளிதாகும். ‘எனக்கு இப்ப யோசனை வேண்டாம், கேட்டா போதும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அத்தை கேட்கும்போது, ‘கிடைக்கல அத்தை. நாளைக்குப் பேசறேன்’ என்றால் போதும். பொய்யும் இல்லை, விளக்கமும் இல்லை.

எப்போது நிபுணர் உதவி தேவை?

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமோ பசியோ சரியில்லை, எதிலும் நாட்டமில்லை, தினசரி வேலைகளே ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும், சென்னையின் சிநேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

‘இவ்வளவு சின்ன விஷயத்துக்கு போன் பண்ணலாமா?’ என்று தயங்க வேண்டாம். விஷயம் சின்னதாக இருக்கும்போதே பேசுவதுதான் சுலபம்.